கிடைக்காத உதிரிபாகமும் கைவிடக்கூடாத கடமையும்



ஒரு பழுது எல்லாருடைய கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால், அதை எவரும் விரைந்து சரிசெய்துவிடுவர். வண்ணம் உரிந்த கதவோடும் கிழிந்த இருக்கையோடும் தம் காரை ஊரார் முன் நிறுத்த யார்தான் விரும்புவார்? ஆனால் வாகனத்தின் அடிவயிற்றில், எவரும் குனிந்து பாராத இடத்தில் இருக்கும் பழுது வேறு வகையானது. அது உரிமையாளரின் பணப்பையை மட்டுமல்ல, மனச்சாட்சியையும் சோதிக்கிறது. அத்தகைய ஒரு பழுதைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பழைய போர்ஷே 911 விளையாட்டு ரகக் காரின் எக்ஸாஸ்ட் பாகங்கள் துருப்பிடித்துப்போய், மாற்றுப் பாகங்கள் எளிதில் கிடைக்காதபோது அதன் உரிமையாளர் என்ன செய்யவேண்டும்?

முதலில் அந்த இயந்திரத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள். 1963-ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான இந்தக் காரின் எஞ்சின், 1998 வரை தண்ணீரால் அல்ல, காற்றால் குளிர்விக்கப்பட்டது. பின்பக்கம் அமைந்த எஞ்சினில் இருபுறமும் மும்மூன்று சிலிண்டர்கள். மேலே ஒரு பெரிய விசிறி. வெந்நீர் ஓட்டம் இல்லாத வண்டியில் ஹீட்டருக்கு வெப்பம் எங்கிருந்து வரும்? எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றி ஒரு தகட்டு உறை அமைத்தார்கள். விசிறி தள்ளும் காற்றில் ஒரு பகுதி குழாய்க்கும் உறைக்கும் இடையே ஓடிச் சூடாகி, கார் உள்ளேயும் முன்கண்ணாடிக்கும் போய்ச்சேரும். இந்தப் பாகத்துக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் பயணிகள் சுவாசிக்கும் காற்றுக்கும் நச்சுப்புகைக்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய இரும்புச் சுவர் மட்டுமே.

அந்தச் சுவரைத் துரு தின்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய்கள் நன்கு சூடேறி அது வெளியேறிவிடும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினாலோ, ஆவி குளிர்ந்து நீராகிக் குழாய்க்குள் தங்கி, உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். பனிக்காலத்தில் ஐரோப்பியச் சாலைகளிலும் வட அமெரிக்கச் சாலைகளிலும் தூவப்படும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். "ஆண்டில் சில நாட்களே ஓட்டுகிறேன், என் வண்டிக்கு என்ன ஆகும்?" என்று சொல்லுகிறவரின் குழாயே பல வேளைகளில் முன்னதாகக் கெட்டுப்போகிறது. பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் பேணுவதும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள்.

துளை விழுந்தால் நிகழ்வது என்ன? எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீட்டர் காற்றோடு கலந்து உள்ளே நுழையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பிணைந்துகொள்ளும். முதலில் தலைவலி, பின்பு மயக்கம், குமட்டல், தூக்கக் கலக்கம். களைப்பு என்று எண்ணி ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர் ஆபத்தை உணராமலேயே அதற்குள் அமிழ்ந்துபோகலாம். ஹீட்டரை அணைத்துவிட்டால் போதாதோ என்று கேட்பீர்கள். வெப்பக் காற்றைத் தடுக்கும் மூடிகளுக்கும் அதே வயது, அதே துரு. அவை முழுவதும் மூடும் என்பதற்கு உறுதி இல்லை. அருகில் அமர்ந்திருக்கும் மனைவியும் பின்னிருக்கையிலுள்ள குழந்தையும் இதை அறியார்கள். அவர்கள் வண்டியை நம்பி ஏறவில்லை. உங்களை நம்பி ஏறுகிறார்கள்.

இனி, பாகம் கிடைப்பது ஏன் கடினம்? இடப்புறத்துக்குரியது வலப்புறத்துக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஆண்டு குழாயின் அமைப்பும் இணைப்பும் மாறின. 1974 வரையிலான வடிவம் வேறு, அதற்குப் பிந்தியது வேறு. சில நாட்டுச் சந்தைக்கென்று தனியே செய்யப்பட்டவையும் உண்டு. பொருந்தும் ஒன்று கிடைத்தாலும் அதன் விலை மலைக்கவைக்கும். இந்த இடத்தில்தான் இரண்டு சோதனைகள் வாசலில் வந்து நிற்கின்றன.

முதலாவது, பழையதையே எப்படியாவது வைத்துக்கொள்ளும் சோதனை. "தொழிற்சாலையில் பொருத்திய அதே பாகம் இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு" என்று சொல்லி, ஓட்டையின்மேல் பசை பூசி, பட்டை சுற்றி, கருப்பு வண்ணம் அடித்து மறைப்பவர்கள் உண்டு. மூலப்பாகம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. 1970-களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்கான 911-இல், மாசைக் குறைப்பதற்காக ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாகத் தெர்மல் ரியாக்டர் என்னும் பாகத்தை நிறுவனமே பொருத்தியது. எரியாத எரிபொருளை எக்ஸாஸ்ட்டிலேயே எரித்துவிடுவது அதன் நோக்கம். அதன் கடும் வெப்பம் எஞ்சினையே வாட்டியது. மக்னீசியத்தாலான எஞ்சின் உறையில் ஸ்டட்டுகள் பிடிப்பிழக்க அதுவும் ஒரு காரணமாயிற்று. தொழிற்சாலை முத்திரை இருந்தும் அந்தப் பாகம் வண்டிக்கு நன்மை செய்யவில்லை.

இரண்டாவது சோதனை, கிடைக்கவில்லை என்ற சாக்கில் தேவையானதையே நீக்கிவிடுவது. சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பார்கள். 1980 மாடல் முதல் அமெரிக்க வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரோடு வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறிவார்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பதில் உறையில்லாத வெறுங்குழாய்களைப் பொருத்துவார்கள். நச்சுப்புகை உள்ளே வரும் வழி இதனால் அடைபடும் என்பது உண்மையே, ஆனால் குளிர்நாட்டு மழைக்காலையில் முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை எதைக்கொண்டு நீக்குவார்கள்? இரைச்சலையும் புகையையும் சுமப்பது யார்? அதிகாலையில் உறக்கம் கலையும் அயலானும், தெருவில் நடந்துபோகும் முதியவருமே. நம் மகிழ்ச்சிக்கான விலையை அயலான்மீது சுமத்துவது நியாயமாகாது.

சட்டம் இதை எல்லா இடத்திலும் ஒரேவிதமாகக் கவனிப்பதில்லை. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரையுள்ள வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1976 மாடலுக்கு இல்லை. அங்கே மாற்றுக் கன்வெர்ட்டர் பொருத்துவதானால் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். ஜெர்மனியில் 1997 முதல், 30 ஆண்டு நிறைந்து நன்கு பேணப்பட்ட வண்டிக்கே, நிபுணர் சோதித்தபின் வரலாற்று வாகன எண் தருகிறார்கள். பிரிட்டனிலோ 2018 மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உரிமையாளர்மேல் அப்படியே நிற்கிறது. சோதிப்பவர் விலகிக்கொண்ட இடத்தில் உரிமையாளரே தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டியவராகிறார். 1975-ஆம் ஆண்டு வண்டியின் புகை 1976-ஆம் ஆண்டு வண்டியின் புகையைவிடத் தூயது என்று நுரையீரல் எண்ணிக்கொள்ளாதே!

ஆகவே என் கருத்து இதுதான்: பழைய பாகத்தின் பெயரை மீட்பதைவிட அதன் பணியை முழுவதுமாக மீட்பதே உண்மையான பேணுதல். அந்தப் பாகம் நான்கு கடமைகளைச் செய்துவந்தது. புகையைக் கசியாமல் கடத்தியது, கண்ணாடியைத் தெளிவாக்கும் வெப்பத்தைத் தந்தது, சைலன்சரோடு சேர்ந்து இரைச்சலை அடக்கியது, எஞ்சினுக்கு ஏற்ற ஓட்டத்தைக் காத்தது. இவற்றையெல்லாம் செய்கிற, சட்டம் அனுமதிக்கிற மாற்றுப் பாகம் எதுவோ, அதுவே தகுதியானது. துருப்பிடிக்காத எஃகில் பழைய வடிவத்தின்படியே செய்யப்படும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் உண்டு. அவற்றைத் தயங்காமல் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய பாகத்தையே வாங்குவதானால், குழாய்களின் வாயை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, கசிவு உண்டா என்று பார்த்தபின் வாங்குங்கள். தேர்ந்த வெல்டர் ஒருவர் உறையைத் திறந்து, கெட்ட குழாயை நீக்கிப் புதியதை இணைத்து மூடவும் முடியும். இது மறைக்கும் வேலை அல்ல, மெய்யான பழுதுநீக்கம்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். பல்லாண்டு வெப்பத்தில் இறுகிப்போன நட்டைப் பலத்தால் திருகினால் ஸ்டட் முறிந்து, அலுமினிய ஹெட்டுக்குள் ஒரு துண்டு நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருங்கள். தேவையானால் அளவாக வெப்பம் கொடுக்கச் செய்யுங்கள். பொருத்தும்போது கேஸ்கட்டுகள் புதியனவாக இருக்கட்டும். சில பயணங்களுக்குப்பின், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இணைப்புகளை மீண்டும் பார்த்துவிடுங்கள்.

உரிமையாளருக்கு மட்டுமல்ல, உற்பத்தியாளருக்கும் கடமை உண்டு. மொத்தம் 292 மட்டுமே விற்பனைக்குச் செய்யப்பட்ட போர்ஷே 959-க்கு, கிளச் நெம்புகோல் ஒன்றை உலோக முப்பரிமாண அச்சு முறையில் தயாரிக்கிறதாக 2018-இல் அந்த நிறுவனம் அறிவித்தது. மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் கார்களைப் புதுப்பிக்கும் சேவையையும் உதிரிபாக மறுதயாரிப்பையும் ஜப்பானில் 2017-இல் அறிவித்தது. இவை பாராட்டத்தக்கவை. இனித் தயாரிக்க மனமில்லாத பாகத்தின் வரைபடங்களையாவது திறமையுள்ள சிறு பட்டறைகளுக்குக் கொடுத்துவிடுவதே நியாயம் என்பேன். வண்டியைச் சாலையில் ஓடவிட்டவர்களுக்கு, அது பாதுகாப்பாக ஓடுவதில் பங்கு இல்லாமற்போகாது.

"இவ்வளவு செலவு செய்ய என்னால் இயலாதே" என்று ஒருவர் சொல்லக்கூடும். அது நேர்மையான சொல். அதை நான் இகழமாட்டேன். அப்படியானால் பணம் சேரும்வரை வண்டி நிற்கட்டும். நிறுத்திவைக்கப்பட்ட வண்டியால் எவருக்கும் தலைவலி வருவதில்லை. ஆனால் செலவுக்கு அஞ்சி, நம்பமுடியாத மலிவு விலைக்கு வரும் கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அது திருடர்களின் குறியாயிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் விலகிவிடுங்கள். அவ்வாறே, உங்கள் வண்டியை விற்கும் நாள் வந்தால், எதை மாற்றினீர்கள், எது இன்னும் கெட்டிருக்கிறது என்பதை எழுதிக்கொடுங்கள். வாங்குகிறவர் அடியில் குனிந்து பார்க்கமாட்டார் என்பது உங்களுக்கு உரிமை தருவதில்லை, பொறுப்பையே கூட்டுகிறது.

பிரியமானவர்களே, பழைய கார் ஒன்றை வைத்திருப்பவர் அதன் நிரந்தர உடைமையாளர் அல்லர். முன்பு ஒருவர் பேணினார், பின்பு ஒருவர் பேணுவார், நடுவில் சில காலம் அது நம் கையில் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. ஒப்புவிக்கப்பட்டதை உண்மையாய்க் காப்பது மினுக்கிய மேற்பரப்பில் மட்டும் விளங்குவதில்லை. அடுத்த முறை ஹீட்டரைத் திறக்கும் முன், வண்டியைத் தூக்கிநிறுத்தி, ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். அங்கே துளை இருந்தால், இன்றைக்கே ஹீட்டரையும் வண்டியையும் நிறுத்திவிட்டு, பாகத்தைத் தேடத் தொடங்குங்கள். தேடல் நீளலாம், நீளட்டும். உங்களோடு ஏறி அமருகிறவர்களின் மூச்சு அந்தக் காத்திருப்புக்குத் தகுதியானது.