சாளக்கிராமத்தை ஃபோசில்னு சொன்னா தெய்வக் குத்தமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன மாசம் சமய வகுப்பில் இரண்டாம் படிவம் படிக்கிற பையன் ஒருத்தன், "பெருமாள் சன்னதியில இருக்கற சாளக்கிராமம் ஃபோசில்தானே?"ன்னு கேட்டிருக்கான். "சாமியைப் போய் செத்த பிராணின்னு சொல்றியா?"ன்னு ஒரு பெரியவர் அதட்டிட்டார். பையன் அதுக்கப்புறம் வகுப்புக்கு வரல.

அவன் கேட்டதில் தப்பே இல்லைங்க. சாளக்கிராமம் கிடைக்கிற இடம் நேப்பாளத்துல காளி கண்டகி ஆறு. அதுக்கு மேலதான் முக்திநாத், 3,700 மீட்டர் உயரத்துல. சுமார் 15 கோடி வருஷம் முன்னால அங்க மலையே கிடையாது, டெதிஸ்னு ஒரு கடல். அதுல அம்மோனைட்டுன்னு ஒரு பிராணி இருந்துச்சு, நம்ப சாப்பிடற சோத்தோங்குக்கு தூரத்துச் சொந்தம். ஆனா நத்தை மாதிரி சுருண்ட ஓடு. உடம்பு கடைசி அறையில இருக்கும், பின்னால உள்ள அறைகள்ல காத்து, அதனால மிதக்கும். செத்ததும் ஓடு கடலடிச் சேத்துல புதையும். மேல மேல சேறு படிஞ்சு அழுத்தி, அதுவே கல்லாயிடும். அப்புறம் இந்தியா இருக்கிற நிலம் வடக்கே நகர்ந்து வந்து, ஏறக்குறைய 5 கோடி வருஷம் முன்னால ஆசியாவை முட்ட, கடலடி மேல எழும்பி இமயமலையாச்சு. ஆறு அந்தக் கல்லை அரிச்சு உருட்டிக் கொண்டு வருது. நாம சக்கரம்னு கும்பிடறது அந்த ஓட்டோட சுருளைத்தான்.

அம்மோனைட்டுல ஏகப்பட்ட வகை. காலத்துக்குக் காலம் ஓட்டோட வடிவம் மாறிக்கிட்டே வந்திருக்கு. ஃபேக்டரியில லாட் நம்பரைப் பார்த்தே எப்ப செஞ்ச சாமான்னு நான் சொல்லிடுவேன். அதே மாதிரி எந்த வகை ஓடு இருக்குன்னு பார்த்து பாறையோட வயசைச் சொல்றாங்க. 30 கோடி வருஷத்துக்கு மேல வாழ்ந்த இனம், 6.6 கோடி வருஷம் முன்னால டைனோசர் போன சமயத்துல அதுவும் போயிடுச்சு. மனுஷன் வந்து 3 லட்சம் வருஷம்தான் ஆகுது.

இதைச் சொன்னா பெருமாளுக்கு என்ன குறைஞ்சு போச்சு? மூலவர் கருங்கல்லுல செஞ்சதுன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்கறதில்லையே. வஜ்ரகீடம்ங்கற புழு குடைஞ்சுதான் சாளக்கிராமத்துல சக்கரம் வந்துச்சுன்னு பெரியவங்க சொன்ன கதையிலயும் ஒரு பிராணி இருக்குதானே. அதைக் கேட்டு யாருக்கும் பக்தி போகல.

இன்னொரு பக்கம், "டார்வின் 1859-ல எழுதினது தசாவதாரத்துல அப்பவே இருக்கு"ன்னு வாட்ஸ்அப்புல சுத்துது. எனக்கு அதுவும் பிடிக்கல. மீன், ஆமை, பன்றின்னு வரிசை பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆமையிலிருந்து பன்றி வந்துச்சுன்னு எந்த அறிவியலும் சொல்லல. அவதாரம் ஒவ்வொண்ணும் அந்தப் பெருமாளே பக்தருக்காக இறங்கி வந்தது. அதுக்கு டார்வின்கிட்ட எதுக்கு சர்டிபிகேட்? பிள்ளைங்க ஸ்கூல்ல சரியா படிச்சுட்டு வந்து கேக்கறப்போ இந்த மாதிரி பதில் சொன்னா நம்மளைத்தான் நம்ப மாட்டாங்க.

நேப்பாளம் வரைக்கும் போகவே வேண்டாம். பத்துமலையில 272 படி ஏறும்போது பக்கத்துப் பாறையைப் பாருங்க. அந்தச் சுண்ணாம்புக்கல்லும் ஏறக்குறைய 40 கோடி வருஷம் முன்னால கடலடியில உண்டானதுதான்.

வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் ஐயர் சாளக்கிராமத்தைப் பிள்ளைங்களுக்கு கிட்ட வெச்சு காட்டறேன்னு சொல்லியிருக்கார். பெரியவங்களும் வரலாம். டார்ச்லைட் நான் கொண்டு வரேன்.