திறந்து பார்க்கக்கூடிய பொருளை வாங்குவோம்

மின்சாதனம் வாங்கும்போது இளையர்களாகிய நாம் பெரும்பாலும் விலை, வேகம், தோற்றம் ஆகிய மூன்றைப் பார்க்கிறோம். நான்காவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கெட்டுப்போனால் இதை நானே திறந்து சரிசெய்ய முடியுமா?

எனக்குள் இந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு பழைய ரிமோட் பந்தய டிரக். உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு, மின்கலத்தில் ஓடுவது. சென்ற ஆண்டு, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டியைக் கொடுத்த அண்ணன், “ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா கழற்றிப் பாரு தம்பி” என்றார். வீட்டில் அம்மாவோ, “இருபது வயசுல பொம்மை வண்டியா?” என்று கேட்டார்.

பொம்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உள்ளே இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண ரிமோட் காரில் ஒரு பல்சக்கரம் உடைந்தால், பெரும்பாலும் மொத்தக் காரும் குப்பைக்குத்தான் போகும். பொழுதுபோக்குத் தரத்தில் செய்யப்படும் வண்டி அப்படியல்ல. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு, தனியாக வாங்கலாம். ஜப்பானின் டமியா நிறுவனம் 1976ல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. அந்நிறுவனம் 1984ல் கொண்டுவந்த ‘கிராஸ்ஹாப்பர்’ கார் 2005ல் மீண்டும் விற்பனைக்கு வந்தது. கைப்பேசி உலகில் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

பழைய வண்டி வாங்க விரும்புவோர் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். தளர்வாக ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். கையால் மெதுவாக உருட்டுங்கள்; கரகரவென்று சத்தம் வந்தால் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் கசிகிறதா, மின்கல இணைப்பி உருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று முதலிலேயே தேடுங்கள். உதிரிபாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அதிகம்தான்.

பராமரிப்பு, பொறுமையைப் பழக்கும் வேலை. மோட்டாரின் சிறு பல்சக்கரமும் அதனுடன் சுழலும் பெரிய பல்சக்கரமும் அதிகம் நெருங்கினால் மோட்டார் சூடாகும். அதிகம் விலகினால் பற்கள் சிதையும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து அழுத்தி, திருகாணியை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிட வேண்டும். சரியான இடைவெளி அதுதான். பழைய வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும். ‘பிரஷ்லெஸ்’ மோட்டாரில் அந்தத் தொல்லை இல்லை. உராய்வு, முறுக்குவிசை, மின்னோட்டம் என்று உயர்நிலைப்பள்ளியில் சூத்திரங்களாக மட்டும் படித்தவை என் விரல்களுக்குப் புரிந்தது இந்த மேசையில்தான்.

ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் மின்கலம் இருக்கிறது. ஓர் அறையின் மின்னழுத்தம் முழுமையாக ஏறும்போது 4.2 வோல்ட். அது 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். அறைகளைச் சமமாக மின்னேற்றும் மின்னூட்டியையே பயன்படுத்துங்கள். மின்னேற்றும்போது தூங்கப் போகாதீர்கள். உப்பிய மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தவும் வேண்டாம்; குப்பைச் சரிவிலோ நீல மறுசுழற்சித் தொட்டியிலோ போடவும் வேண்டாம். தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் தீப்பிடித்த சம்பவங்களால்தான், 2020 ஜூலை 1 முதல் அவற்றுக்கு யுஎல்2272 பாதுகாப்புத் தரம் கட்டாயமானது. அதே வகை வேதியியல்தான் நம் அறையிலுள்ள சிறு மின்கலத்திலும் இருக்கிறது.

சிலர் கேட்கலாம்: நேரமும் பணமும் செலவழித்துப் பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது எளிதல்லவா? பல நேரங்களில் எளிதுதான். மோட்டார், மின்கலம், டயர் என்று மாற்றிக்கொண்டே போனால் 120 வெள்ளி வண்டி 300 வெள்ளி வண்டியாகிவிடும் என்பதும் உண்மை. அதனால் வரவுசெலவுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எளிதானதையே எப்போதும் தேர்ந்தெடுத்ததன் விளைவை நாடு முழுவதும் பார்க்கிறோம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலை முதல் உற்பத்தியாளர்களே மின்கழிவுக்குப் பொறுப்பேற்கும் திட்டம் நடப்பில் உள்ளது. அது பொருள் குப்பையான பிறகு வரும் தீர்வு. குப்பையாகாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

அந்தப் பழக்கம் தேக்கா வட்டாரத்துக்குப் புதிதன்று. சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில், 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. பழைய வானொலி, கைக்கடிகாரம், கருவிகள் எல்லாம் அங்கே மறுபிறவி எடுத்தன. சந்தை போனாலும் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இன்னும் நிற்கிறது. இணைப்பி, கம்பி, ஈயப்பற்று என்று சில்லறையாக வாங்க நான் அங்குதான் போகிறேன். எந்தத் தடிமன் கம்பி எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று கடைக்கார அங்கிள் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தார். அந்த அறிவு இணையத்தில் கிடைக்காததல்ல. ஆனால் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்து, “இது போதாது” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ இயக்கமும் இதே எண்ணத்தில் நடக்கிறது. அங்குள்ள தொண்டூழியர்கள் பொருளை வாங்கிச் சரிசெய்து தருவதோடு நிற்பதில்லை. உரிமையாளரையே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பள்ளிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இத்தகைய பழுதுபார்ப்பு மேசைகள் இணைப்பாட நடவடிக்கையாக வர வேண்டும். நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் நாம், திருகாணியைத் தலை சிதையாமல் கழற்றவும் கற்றுக்கொடுக்கலாம்.

எல்லாரும் ரிமோட் டிரக் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மின்விசிறி, மிதிவண்டி, பழைய மடிக்கணினி என எதுவாகவும் இருக்கட்டும். இந்த விடுமுறையில் வீட்டில் ஓடாமல் கிடக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மின்இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டிலோ அண்டை வீட்டிலோ விஷயம் தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். அது மீண்டும் ஓடாமலே போகலாம். அப்படியே ஆனாலும், அடுத்த பொருளை வாங்கும்போது நீங்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கும்.