பாலம் வருமுன் சட்டம் வரட்டும்

அயல்நாட்டு லொறி எம் தெருவில் ஓடும் நாளைப்பற்றி இன்று பேசுவது வீண்பேச்சன்று. இந்தியாவையும் இலங்கையையும் தரைவழியால் இணைக்கும் சாத்தியம் ஆராயப்படும் என்று 2023 யூலையில் புதுடில்லியில் இரு அரசுகளும் அறிவித்தன. சுதந்திர வர்த்தக ஒப்பந்தமோ 2000 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. பண்டத்துக்கு வழி திறந்தாயிற்று. வண்டிக்கான வழி பேச்சளவில் நிற்கின்றது. பேச்சளவில் நிற்கும்போதே விதிகளைச் செய்துகொள்வது அறிவுடைமையாகும்.

செய்யாது விட்டால் யாது விளையும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் மெக்சிக்கோ லொறிகளுக்கு எல்லையைத் திறப்பதாக வாக்களித்தது. பாதுகாப்பைக் காரணங்காட்டி அமெரிக்கா திறக்க மறுத்தது. 2001 பெப்ரவரியில் நடுவர் குழு தீர்ப்பளித்தது: சோதிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு, சோதியாமலே எல்லோரையும் தடுக்கும் உரிமை இல்லை. அவ்வாண்டிலேயே காங்கிரஸ் சபை, கடும் விவாதத்தின் பின், சாரதியின் அனுமதிப்பத்திரத்தையும் வண்டியின் நிலையையும் சோதிக்கவும் காப்புறுதியைக் கட்டாயமாக்கவும் விதிகள் செய்தது. ஆயினும் பூசல் ஓயவில்லை. 2009இல் பரீட்சார்த்தத் திட்டத்துக்கான பணத்தைக் காங்கிரஸ் நிறுத்தவே, ஏறத்தாழ 90 அமெரிக்கப் பண்டங்கள்மீது மெக்சிக்கோ தீர்வை விதித்தது. திராட்சையும் பேரிக்காயும் உருளைக்கிழங்கும் அவற்றுள் அடங்கின. சண்டையிட்டவர் லொறிக்காகச் சண்டையிட்டனர். தண்டம் இறுத்தவனோ கமக்காரன்! 2011இலேதான் உடன்பாடு பிறந்தது.

எம் நிலைமை என்ன? 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், வட்டுக்கோட்டைத் தோட்டத்து மரக்கறியை ஏற்றிச்செல்லும் லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். கடல் கடந்து வரும் லொறிக்கும் அதே அளவுகோல் வேண்டாவோ? சைக்கிளில் செல்லும் கூலித் தொழிலாளி ஒருவன் அந்த லொறியில் மோதுண்டு மாண்டால், அவன் மனைவி நட்டஈடு கேட்டு எந்த நாட்டு நீதிமன்றத்தின் படியேறுவாள்? இவ்வினாவுக்கு விபத்தின் பின் விடை தேடுவது நீதியாகாது.

வர்த்தக ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் கைச்சாத்திடுமுன் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும் என்ற பொது விதி எம் அரசியலமைப்பில் இல்லை. ஆதலின் மக்கள் பிரதிநிதிகள் இப்போதே விழித்தெழவேண்டும். நாம் கோருவன மூன்று: வண்டியின் கொடியைப் பாராது அதன் நிலையைச் சோதிக்கும் ஒரே விதி, யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பெறத்தக்க காப்புறுதி, ஒப்பந்தத்துக்கு முன்னரே பாராளுமன்றத்தில் பகிரங்க விவாதம்.

இந்திய லொறி எமக்குப் பகையன்று. வழி திறந்தால் எம் கமக்காரனின் விளைபொருளும் அக்கரை செல்லும். பாதுகாப்பு என்னும் சொல்லை வியாபாரப் போட்டிக்கு முகமூடியாக்குவதை நாம் ஏற்கமாட்டோம். வியாபாரத்தின் பெயரால் மனித உயிரைப் பணயம் வைப்பதையும் ஏற்கமாட்டோம். இரண்டையும் தடுக்க வல்லது முன்கூட்டியே செய்த தெளிவான சட்டம் ஒன்றே.