ஒரு தடுப்பும் ஆறு தூதரகங்களும்

1957. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஆர்லிங்டன். வெளிநாடு போகும் அதிகாரிகளுக்கு வெளியுறவுத்துறை பயிற்சி கொடுக்கும் இடம். மத்தியானம் ஆனால் வெள்ளை அதிகாரிகள் பக்கத்து உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். டெரன்ஸ் டாட்மன் போக முடியாது. அவர் கருப்பர். வர்ஜீனியா சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கைவிரித்தது மேலிடம்.

டாட்மன் விடவில்லை. மேலே மேலே முறையிட்டார். உலகத்துக்கே ஜனநாயகம் போதிக்கிற அரசு கடைசியில் என்ன செய்தது தெரியுமா? உணவகத்தில் பாதியை வாடகைக்கு எடுத்து, நடுவில் தடுப்பு வைத்தது. அரசின் பாதியில் எல்லாரும் சாப்பிடலாம். மீதிப் பாதி மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. ஆனாலும் பின்னால் வந்த கருப்பின அதிகாரிக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. ‘ஒருவேளைச் சோறுதானே’ என்று இதைச் சின்ன விஷயமாக்குகிறவன், பந்தியிலிருந்து எழுப்பப்படாதவன்.

டாட்மன் பிறந்தது 1926இல், செயின்ட் தாமஸ் தீவில். 1917இல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா காசு கொடுத்து வாங்கிய தீவுகளில் ஒன்று அது. 1983இல் அதே டென்மார்க்குக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். சாட், கினி, கோஸ்டா ரிகா, ஸ்பெயின், டென்மார்க், அர்ஜென்டினா என்று ஆறு நாடுகளில் தூதர். கருப்பரா, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பு என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

1986இல் தென்னாப்பிரிக்காவுக்குத் தூதராக அவர் பெயர் அடிபட்டது. அந்நாட்டுக் கருப்பின மக்கள் நம்பக்கூடிய கொள்கை ரீகன் அரசிடம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். போகவில்லை. நிறவெறிக்குக் கருப்பு முகமூடியாக மறுத்தார்.

இத்தோடு நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் 1977இல் கார்ட்டர் அரசில் லத்தீன் அமெரிக்க விவகாரங்களுக்கு உதவிச் செயலர் இதே டாட்மன்தான். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் ராணுவம் ஆட்களைக் காணாமலடித்துக் கொண்டிருந்த காலம். மனித உரிமை பேரால் அந்த அரசுகளை நெருக்கும் முறையை 1978இல் மேடையேறிக் குறை சொன்னார். சத்தமில்லாத பேச்சுவார்த்தை போதுமாம்! தன் சோற்றுக்குச் சத்தம் போட்டவர், அடுத்தவன் உயிருக்குச் சத்தம் வேண்டாம் என்றார்.

2014இல் இறந்தார். 2022இல் வெளியுறவுத்துறைத் தலைமையகத்தின் உணவுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். வைக்கட்டும், தகும். நாம் இரண்டு கணக்கும் வைத்துக்கொள்வோம் தோழர்களே. நாற்காலியை எப்படிப் பிடித்தார் என்பது ஒன்று. அதில் உட்கார்ந்து யாருக்காகப் பேசினார் என்பது இன்னொன்று. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதை மூடக் கூடாது. இரண்டாவதைக் காட்டி முதலாவதை அழிக்கவும் விடக் கூடாது.