சென்டர் ஒருத்தர் மட்டும் போதுமா?

கூடைப்பந்து அணியில் 12 பேர், களத்தில் 5 பேர். சீசன் தொடங்கும்போது நம்ம ஊர் அணிகளைப் பாருங்கள்: உயரமான சென்டர் ஒரே ஒருத்தர், மீதி பெரும்பாலும் வேகமா ஓடுற கார்டுகள். முதல் 10 நிமிடத்துக்குள் அந்த சென்டர் 2 ஃபவுல் வாங்கிட்டா? சர்வதேச விதிப்படி 5 ஃபவுல் ஆனால் வெளியே. அந்தப் பயத்தில் பயிற்சியாளர் அவரை உட்கார வைப்பார். கூடைக்கு அடியில் ஆளே இல்லை; ரீபவுண்ட் எல்லாம் எதிரணிக்கு.

2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை இந்தியா 65-58 என வீழ்த்தியதே, அந்த அணியில் அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் என உயரமானவர்கள் இரண்டு பேர். 2015-ல் டல்லாஸ் மாவரிக்ஸ் 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்த 7 அடி 2 அங்குல சத்னாம் சிங்கும் இவர்களைப் போல லூதியானா அகாடமியில் வளர்ந்தவர்தான்.

இங்கே? நெய்வேலி டவுன்ஷிப்பிலோ திருவதிகையிலோ 15 வயதிலேயே ஆறடி தாண்டின பையன் வந்தால், 'பந்து கையில நிக்கல' என்று பெஞ்ச்சில் உட்கார வைக்கிறோம். (அதற்குள் வாலிபால்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிடுவாங்க, அது வேற கதை.) சட்டென வளர்ந்த உடம்பு பழக நாளாகும், பயிற்சி மட்டும் போதாது, ஆட்டம் வேண்டும். நாக்-அவுட்டில் புதுசா ஒருத்தரை இறக்க யாருக்கும் துணிச்சல் வராது. அதனால் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் இரண்டாவது கால்பகுதியை முழுசா ரிசர்வ் சென்டருக்கே கொடுங்கள். 10 புள்ளி பின்தங்கினாலும் அவனை வெளியே கூப்பிடாதீர்கள்.