காக்கும் முத்திரையா, கண்துடைப்பு முத்திரையா?

கடல் கடந்து பிழைக்கப் போன தமிழன் கையிலே எந்தக் காலத்திலும் ஒரு காகிதம் இருந்திருக்கிறது. அது அவனைக் காத்ததா, கட்டிப் போட்டதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே அந்தக் காகிதத்துக்குப் பெயர் 'துண்டு'. தொழிலாளியின் தலையிலே எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை ஏற்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவன் இடம் மாற முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. துண்டு போயிற்று, கங்காணி போனானா? இல்லை! ஏஜெண்டு என்று பெயர் சூட்டிக்கொண்டு டவுனிலே கடை விரித்திருக்கிறான்.

இன்று வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரின் பாஸ்போர்ட்டிலே 'இ.சி.ஆர்.' என்று ஒரு முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளிக்கே பெரும்பாலும் அது விழுகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, சவூதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும்.

நோக்கம் நல்லதே, நாம் மறுக்கவில்லை. அனுமதி கேட்கும்போது முதலாளியின் பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் சர்க்காரின் 'இ-மைக்ரேட்' பதிவிலே ஏறுகின்றன. விபத்திலே உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரும் இன்ஷூரன்சும் கட்டாயம். லைசென்சு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதன் மீது வரியும் தவிர வேறு காசு வாங்கக் கூடாது.

ஏட்டிலே இத்தனையும் உண்டு. வீட்டிலே? மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையிலே! "அனுமதி வாங்க நாளாகும், விசிட் விசாவிலே ஏறு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான் ஏஜெண்டு. ஊர் சுற்றப் பார்க்கப் போகிறவனுக்கு அனுமதி எதற்கு? விமானம் ஏறிவிடுகிறான். அவன் பெயரோ எந்தப் பதிவிலும் இல்லை. ஒப்பந்தம் இல்லை; இன்ஷூரன்ஸ் இல்லை. சொன்ன சம்பளம் ஒன்று, கொடுக்கும் சம்பளம் வேறொன்று என்றால், எந்தக் காகிதத்தைக் காட்டி அவன் நியாயம் கேட்பான்?

படித்தவன் தப்பினானா? அதுவும் இல்லை. 2022இல், கம்ப்யூட்டர் வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பலின் கொட்டடிகளிலே அடைபட்டார்கள். படித்தவர்கள், ஆகவே முத்திரை இல்லை, அனுமதி இல்லை, கேட்பாரும் இல்லை. மியான்மரும் கம்போடியாவும் அந்த 18 நாட்டுப் பட்டியலிலேயே இல்லை! கொத்தனாரை மனத்திலே வைத்து 1983இல் போட்ட வேலி அது. கள்வனோ வேலியில்லாத பக்கமாக வருகிறான்.

முத்திரையையே எடுத்துவிட்டால் போயிற்று என்பார் சிலர். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று 1967இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பைக் காட்டுவர். உரிமை என்பதிலே நமக்கும் ஐயமில்லை. ஆனால் காவலைக் கலைப்பது உரிமையைக் காப்பதாகாது. படிப்பைப் பார்த்துப் பிரிக்காமல், வேலைக்குப் போகும் எவருக்கும் பதிவும் இன்ஷூரன்சும் வேண்டும். அனுமதிக்காகத் தொழிலாளி அலையாதபடி மாவட்டந்தோறும் அலுவலகம் வேண்டும். விசிட் விசாவிலே ஏற்றியனுப்பும் ஏஜெண்டின் கையிலே விலங்கு ஏற வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை கிளைக் கழகத் தோழர்கள் கைகட்டி நிற்கலாமா? ஊரிலிருந்து ஒருவன் புறப்படுகிறான் என்றால் அவன் வீட்டுக்குப் போங்கள். ஏஜெண்டின் லைசென்சை இ-மைக்ரேட் பதிவிலே ஒத்துப் பாருங்கள். விசாவிலே இருப்பது வேலையா, விசிட்டா என்று படித்துக் காட்டுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலே விளக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டிலே இருக்கட்டும். பாஸ்போர்ட் இந்திய சர்க்காரின் உடைமை என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ள உரிமை கிடையாது என்பதையும் சொல்லியனுப்புங்கள். தமிழக சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் வாசலையும் காட்டுங்கள்.

கங்காணி காட்டிய இடத்திலே கைநாட்டு வைத்தான் நம் பாட்டன். பேரனாவது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்!