கோஹிபா யாருடைய பெயர்?

சுருட்டுப் பிடிப்பது நற்பழக்கமென்று நாம் ஒருபோதும் எழுதியதில்லை, எழுதப்போவதுமில்லை. ஆயினும் ‘கோஹிபா’ என்னும் சுருட்டின் பெயரைக் குறித்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1997-ல் தொடங்கிய வியாஜ்யத்தை நேயர்கள் கவனிக்கவேண்டுமென விரும்புகிறோம். வலியதொரு தேசம் எளிய தேசத்தின் வியாபாரத்தைத் தடுத்தபின், அதன் பெயரையும் தன் பிரஜைகளுக்கு உரிமையாக்கலாமா என்பதே அதிலுள்ள கேள்வி.

1960 செப்டம்பரில் பீடல் காஸ்ட்ரோவின் சர்க்கார் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளைப் பறிமுதல் செய்தது. பார்ட்டகாஸ், ஹெச். அப்மன், மான்டிகிரிஸ்டோ முதலிய சுருட்டுகளைச் செய்துவந்த குடும்பத்தார் நஷ்டஈடின்றி நாட்டைவிட்டு வெளியேறினர். 1962 பிப்ரவரி 3-ந் தேதி ஜனாதிபதி கென்னடி கியூபாவுடன் வியாபாரத்தை நிறுத்தி உத்தரவிட்டார். கையெழுத்திடுமுன் தமக்கு ஆயிரம் பெடிட் அப்மன் சுருட்டுகள் தேடிவரும்படி அவர் பணித்ததாகவும், தாம் 1,200 சேர்த்துக் கொடுத்ததாகவும் அவருடைய பத்திரிகைக் காரியதரிசி ஸாலிங்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிரஜைகளுக்கு ஏகாதசி விதித்தவர் தமது உக்கிராணத்தை முதலில் நிரப்பிக்கொண்டார்!

பிற நாட்டார் செய்த பறிமுதல் அமெரிக்க எல்லைக்குள் செல்லாதென்று அந்நாட்டு நியாயஸ்தலங்கள் தீர்மானித்தன. ஆகவே பழைய வியாபார முத்திரைகளுக்கு அங்கே பழைய சொந்தக்காரரே உரியவராயினர். அவர்களிடமிருந்து உரிமை பெற்ற கம்பெனிகள் டொமினிகன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் சுருட்டுச் செய்வித்து, அதே பெயர்களில் அமெரிக்காவில் விற்றன. இதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஈடு கொடாமல் சொத்தைப் பறித்த சர்க்கார், அயல் தேசத்திலும் அது தனதேயென்று சாதிக்க முடியாது.

கோஹிபாவின் கதை வேறு. அது எவரிடமிருந்தும் பறித்த சொத்தன்று. புரட்சிக்குப் பின்னர் ஹவானாவின் எல் லாகிட்டோ தொழிற்சாலையில் உண்டானது. அப்பெயரோ அத்தீவுகளின் ஆதிகுடிகளான டைனோக்களின் சொல். நெடுநாள் காஸ்ட்ரோ அச்சுருட்டை அயல்நாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாக அளித்துவந்தார். 1982-ல் அது பொது விற்பனைக்கு வந்தது. தடையின் காரணமாக அமெரிக்கக் கடைகளில் மாத்திரம் அது நுழையக் கூடவில்லை. இதனிடையில் ஜெனரல் சிகார் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1978-ல் விண்ணப்பித்து, 1981-ல் அப்பெயரைத் தன்னதாகப் பதிவு செய்துகொண்டது. 1987 முதல் 1992 வரையில் அதை உபயோகியாமலே போட்டுவைத்தது. 1992-ல் அமெரிக்கச் சுருட்டுப் பத்திரிகையொன்று கியூபாவின் கோஹிபாவைப் புகழ்ந்தெழுதிய பின்னரே கம்பெனியாருக்கு அப்பெயரின் ஞாபகம் மறுபடி வந்தது.

கியூபாவின் சர்க்கார் ஸ்தாபனமான கியூபாடபாகோ வழக்குத் தொடுத்தது. 1992 நவம்பரிலேயே கியூபாவின் கோஹிபா அமெரிக்கச் சுருட்டுப் பிரியரிடையே பிரசித்தமாயிருந்ததென்று 2004-ல் நியூயார்க் ஜில்லா நியாயஸ்தலம் கண்டு, கியூபாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2005-ல் அப்பீல் கோர்ட்டார் அதை மாற்றினர். பிரசித்தியால் முத்திரை உரிமை அடைவதும் சொத்துச் சம்பாதிப்பதே; வியாபாரத் தடை விதிகள் அதற்கு இடங்கொடா என்பது அவர்கள் கூறிய காரணம். வாசலைத் தாழிட்டவர், “நீ உள்ளே வராமையால் உன் ஆசனம் பிறருக்காயிற்று” என்று சொல்வதற்கும் இதற்கும் பேதம் நமக்குத் தோன்றவில்லை. நீதிபதிகளை நாம் குறைகூறோம். எழுதியுள்ள விதியை அவர்கள் படித்துச் சொன்னார்கள். குற்றம் விதியினுடையது.

கியூபா வேறு வழியில் முயன்றது. ஒரு நாட்டில் வழங்கும் முத்திரையை, அது வழங்குவதை அறிந்தே மற்றொரு நாட்டில் பதிவு செய்தவரின் பதிவை ரத்துச்செய்ய 1929-ஆம் வருஷத்து அமெரிக்கக் கண்ட நாடுகளின் உடன்படிக்கை இடமளிக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு 2022 டிசம்பரில் முத்திரைப் பதிவு விசாரணைச் சபையார் கம்பெனியின் பதிவை ரத்துச்செய்யத் தீர்மானித்தனர். கம்பெனி அதன்மேலும் கோர்ட்டுக்குச் சென்றது.

பெயர் கிடைத்தாலும் கியூபா அங்கே சரக்கை விற்க முடியாது. பிரயாணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் சுருட்டுக்கு 2016-ல் தாராளமாக அனுமதி தந்து, 2020-ல் அதையும் பறித்துக்கொண்டனர். 1996-ஆம் வருஷத்து ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்துக்குப் பின், தடையை முழுவதும் நீக்கும் அதிகாரம் காங்கிரஸ் மகாசபையிடம் இருக்கிறது. அச்சபையார் இப்போதே அதை நீக்க மனங்கொள்ளாவிடினும், பிரசித்தியால் முத்திரை உரிமை அடைவதற்கு அத்தடை இடையூறாகாதென்று ஒரு விதியையாவது சேர்க்க முன்வரவேண்டும்.